ஒரு கையில் எவ்வளவு தோற்கலாம்?

கெந்திங் மலைக்கு யோசனை உதித்த இடம் எங்கள் கேமரன் மலை. 1964இல் இங்கே நீர்மின் திட்டத்தில் குத்தகை வேலை பார்த்துக்கொண்டிருந்த லிம் கோ தோங், குளிர்காற்றில் உட்கார்ந்திருந்த ஒரு பொழுதில், கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மலை இருந்தால் சனங்கள் எப்படி வருவார்கள் என்று கணக்குப் போட்டாராம். 1969இல் சூதாட்ட உரிமம் கிடைத்தது, 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. மலேசியாவில் சட்டம் அனுமதித்த ஒரே சூதாட்ட விடுதி அது. அதுவும் எங்கள் பகாங் மாநிலத்தில்தான். ஆக, சூதாட்டத்தைப் பற்றிப் பேச எங்கள் ஊர்க்காரனுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொழுந்து நிறுக்கும் தராசுக்கும் சம்பள மேசைக்கும் நடுவில் வேலைக்காலம் போனது. சீட்டும் ஆடுவேன், இன்னும் ஆடுகிறேன். பத்திரிகைகளில் சூதைக் கண்டித்து எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆஸுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனாலேயே அவர்கள் எழுதுவதை ஆடுகிறவன் படிப்பதில்லை. ஆடுகிறவனுக்குப் புரியும் மொழியில் ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால், விடியும்வரை விழித்திருக்கச் சீட்டுக்கட்டு வரும். ஆட்டம் மூணு சீட்டு. பழைய மண்டோர் ஒருவர் அதற்குச் சட்டம் வைத்திருந்தார். ஒரு தடவைக்கு இருபது காசு, ஒரு ஆட்டத்தில் மூன்று முறைக்கு மேல் ஏற்றக் கூடாது. எவனாவது ரோஷத்தில் ஐந்து வெள்ளி நோட்டை வீசினால், "எடுடா அத. பொணத்துக்குக் காவல் இருக்க வந்தமா, ஒன் பொண்டாட்டி தாலிய வாங்க வந்தமா?" என்பார். நோட்டு உடனே பைக்குள் போகும். அந்தக் கிழவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

1989இல் ஹாங்காங்கின் "காட் ஆஃப் கேம்ப்ளர்ஸ்" படம் வந்தது. அதன் வீடியோ கேசட் தோட்டத்துக்குள் நுழைந்தபிறகு பையன்கள் மாறிப்போனார்கள். சோ யுன் ஃபாட் போலத் தலையைப் படிய வாரிக்கொண்டு, முன்னால் இருக்கும் காசு முழுவதையும் இரண்டு கையாலும் நடுவுக்குத் தள்ளி, "ஷோ ஹேண்ட்!" என்று கத்தினார்கள். மண்டோர் செத்துப்போயிருந்தார். தடுக்க ஆளில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவன் என் அக்காள் மகன். ஒரு சூதாட்ட விடுதியில் டீலராக வேலை பார்த்தவன். "மாமா, ஒங்க மண்டோர் வெச்சிருந்தது லிமிட். கேசட்டப் பாத்துட்டு நீங்க ஆடுனது நோ லிமிட். ஆட்டம் ஒண்ணுதான்னு நெனக்கிறீங்க, ஒண்ணு இல்ல" என்றான். அவன் சொல்லித்தான் ஹோல்டம் போக்கரும் கற்றுக்கொண்டேன்.

ஹோல்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று திறப்பார்கள். இடையே நான்கு முறை பணம் வைக்க வேண்டும். இரண்டு வெள்ளி, நாலு வெள்ளி லிமிட் மேசை என்றால் முதல் இரண்டு சுற்றிலும் இரண்டு இரண்டு வெள்ளியாகத்தான் வைக்கலாம், அடுத்த இரண்டில் நாலு நாலு வெள்ளி. ஒருவர் வைத்தபின் பெரும்பாலான மேசைகளில் மூன்று முறைதான் ஏற்றலாம். மண்டோர் லாஸ் வேகஸ் போனதில்லை, ஆனாலும் அவர் எண்ணும் அதே மூன்று. நோ லிமிட்டில் உன் முன்னால் உள்ளதில் எவ்வளவை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் தள்ளலாம்.

கிராணி புத்தி, கணக்கில்லாமல் நம்பாது. ஒரு கையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் நாலு ஆட்டீன் சேர்ந்திருக்கிறது, இன்னும் ஒரே ஒரு ஆட்டீன் வந்தால் ஜெயம். கடைசிச் சீட்டு பாக்கி. நீங்கள் பார்க்காத சீட்டுகள் 46, அதில் ஆட்டீன் 9. உதவாதவை 37, உதவுபவை 9. அதாவது நாலுக்கு ஒன்றைவிடச் சற்று மோசம். நடுவில் 24 வெள்ளி கிடக்கிறது. லிமிட்டில் எதிராளி 4 வெள்ளிதான் வைக்க முடியும். 28 வெள்ளிக்கு ஆசைப்பட்டு நீங்கள் 4 வெள்ளி போடுகிறீர்கள், ஏழுக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு போடலாம், அது சரியான ஆட்டம். நோ லிமிட்டில் அதே எதிராளி 24 வெள்ளியைத் தூக்கி வைக்கிறான். இப்போது 48 வெள்ளிக்கு 24 போட வேண்டும், இரண்டுக்கு ஒன்று. அதே சீட்டு, அதே ஆள், அதே ஆட்டீன். ஆனால் இப்போது போடுவது முட்டாள்தனம். ஆட்டீன் விழுந்தபின் அவனிடமிருந்து இன்னும் ஐம்பது வெள்ளிக்கு மேல் கறக்க முடியும் என்ற நிச்சயம் இருந்தால்தான் போடலாம்.

லிமிட்டில் உங்கள் ஆசைக்கு விலை வைப்பது சட்டம். நோ லிமிட்டில் விலை வைப்பது எதிரே உட்கார்ந்திருப்பவன். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

லிமிட்டில் ராஜா, ராணி, ஆஸ் என்று பெரிய சீட்டுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் ஒரு ஜோடியை வைத்தே கடைசிவரை மலிவாகப் போய்க் காட்டி ஜெயிக்கலாம். நோ லிமிட்டில் இரண்டு அஞ்சு போன்ற சோணங்கி ஜோடிக்கும் மவுசு வந்துவிடும். முதல் மூன்று பொதுச்சீட்டில் மூன்றாவது அஞ்சு விழுவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு முறைதான். விழுந்தால் எதிராளியின் குவியல் முழுவதும் உங்கள் பக்கம் வரும். லிமிட்டில் அதே மூன்று அஞ்சை வைத்துக்கொண்டு நாலு நாலு வெள்ளியாகக் கொத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெறுங்கையோடு மிரட்டும் பிளஃப்பும் அப்படியே. 28 வெள்ளி கிடக்கும்போது வெறும் 4 வெள்ளியைப் பார்த்து எவன் பயப்படுவான்? "சரி, பாத்துருவோம்" என்று போட்டுவிடுவான். நோ லிமிட்டில் இரண்டு மாதச் சம்பளத்தை எதிரே தள்ளும்போது, கையில் நல்ல சீட்டு இருப்பவனுக்கே வேர்க்கும்.

தப்புக்குக் கொடுக்கும் கூலியும் வேறு. லிமிட் ஆட்டம் கொழுந்து பறிப்பது மாதிரி. கிலோவுக்கு இத்தனை காசு, கை ஓய்ந்தால் கூடை குறையும், அன்றைக்கு எடை கம்மி. ஒரே ஒரு தப்பான கையசைப்பில் மாதச் சம்பளம் போய்விடாது, நோ லிமிட்டில் போய்விடும். நல்ல ஆட்டக்காரனுக்கும் சுமாரான ஆட்டக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரக்கணக்கான ஆட்டத்துக்குப் பிறகே கணக்கில் தெரியும். இடையில் சுமாரானவனுக்கும் அதிர்ஷ்ட ராத்திரிகள் வரும். ஜெயித்த காசில் பிள்ளைகளுக்கு மீ கோரெங் வாங்கிக்கொண்டு போவான்.

இயந்திரங்கள்கூட இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டிருக்கின்றன. இரண்டு பேர் ஆடும் லிமிட் ஹோல்டத்தைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பவுலிங் குழுவினர் கணினியால் ஏறக்குறைய முழுவதும் தீர்த்து, 2015 ஜனவரியில் "சயின்ஸ்" இதழில் வெளியிட்டார்கள். 4,800 செயலிகள் இரண்டு மாதத்துக்கும் மேல் ஓடின. ஒரு மனிதன் ஆயுள் முழுக்க ஆடினாலும் அந்த நிரலிடம் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள். நோ லிமிட்டை அப்படித் தீர்க்க முடியவில்லை. லிமிட்டில் யோசிக்க வேண்டிய கட்டங்கள் ஒன்றுக்குப் பின்னால் 14 சுழியம் போட்ட அளவு என்றால், நோ லிமிட்டில் சுமார் 160 சுழியம். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் "லிப்ரேட்டஸ்" நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. அது ஜெயிப்பு, தீர்வு இல்லை. எந்தத் தொகையையும் வைக்கலாம் என்ற ஒரே ஒரு விதிமாற்றம் ஆட்டத்தை அவ்வளவு ஆழமாக்கிவிடுகிறது.

நோ லிமிட்டில் திறமைக்கு வேலை அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் அது ஆபத்து என்கிறேன்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்குகளோடு எனக்குப் பிணக்கு. 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது, மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியது. அன்றிலிருந்து வக்கீல்கள் அதே செக்கைச் சுற்றி வருகிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிறுத்திவைக்காமல், ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டம் என்று சொல்லி வெளியே எடுத்துவிட்டது. திறமை இருந்தால் சூது இல்லை, சூது இல்லை என்றால் தப்பில்லை என்பது வாதம்.

ஆடிப் பார்த்தவனுக்கு இது தலைகீழ். திறமை அதிகம் வேண்டிய ஆட்டத்தில்தான் திறமை இல்லாதவன் சீக்கிரம் அழிவான். எங்கள் சாவு வீட்டு மூணு சீட்டில் அதிர்ஷ்டம் நூற்றுக்குத் தொண்ணூறு. ஆனால் விடியும்போது எவனும் ஐந்து வெள்ளிக்கு மேல் தோற்றிருக்க மாட்டான். நோ லிமிட் போக்கரில் திறமை எக்கச்சக்கம். அதில் லோரி ஓட்டும் என் சிநேகிதன் மகன், பத்து ஆண்டு அதையே தொழிலாகச் செய்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்தால், நீதிபதி சொல்லும் அந்தத் திறமை யாருடைய பைக்குப் போகும்? திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்ட கேள்வியே தவறு. ஒரு கையில் எவ்வளவு தோற்கலாம், தோற்கும் பணம் எங்கிருந்து வருகிறது, இந்த இரண்டைக் கேட்டிருக்க வேண்டும்.

வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார். அந்த வரிசையில் என்ன பொருள் என்று புலவர்கள் சொல்லட்டும். அவரும் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துக்கொண்டிருக்கவில்லை.

லிமிட் என்று பெயர் வைத்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. டெக்சஸ் மாநிலத்து வங்கி முதலாளி ஆண்டி பீல் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடியதெல்லாம் லிமிட் ஹோல்டம்தான். வரம்பு மட்டும் 50,000, 1,00,000 டாலர் என்று போகும். அத்தனை பெரிய தொகையில் எதிராளிகளுக்குக் கை நடுங்கும், அதுவே தனக்குப் பலம் என்பது அவர் கணக்கு. 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவி மூன்றே நாளில் அவரிடமிருந்து 1.6 கோடி டாலருக்கு மேல் ஜெயித்தார். பீல் அதைத் தாங்குவார், அவர் கோடீசுவரர். வரம்பு என்பது சட்டைப்பையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இந்த நாட்டில் 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வாங்குகிறவனுக்கு இருபது வெள்ளி பந்தயமே நோ லிமிட்தான்.

கெந்திங் மேசைகளிலும் குறைந்த பந்தயம் இவ்வளவு, கூடிய பந்தயம் இவ்வளவு என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அந்த உச்சவரம்பு உங்களைக் காப்பாற்ற வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைத்து ஒரே அடியில் மீட்கப் பார்க்கிறவனை நிறுத்த விடுதி வைத்த வேலி அது.

நோ லிமிட்டுக்கும் ஒரு வேலி உண்டு. மேசைப்பணம் என்ற, பலருக்கும் தெரியாத விதி. ஆட்டம் தொடங்கும்போது மேசையில் உன் முன்னால் என்ன இருக்கிறதோ அதற்குள்தான் உன் பந்தயம். ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போது சட்டைப்பையில் கைவிடக் கூடாது. கடிகாரத்தைக் கழற்றி வைக்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் கிராண்டை வைக்கக் கூடாது. எதிராளி உன்னைவிடப் பத்து மடங்கு பணம் வைத்திருந்தாலும் உன் குவியல் அளவுக்குத்தான் உன்னோடு மோத முடியும். சினிமாவில் வீட்டுப் பத்திரத்தை நடுவில் எறிவதெல்லாம் பொய். உண்மையான மேசையில் டீலரே தள்ளிவிடுவார். பல விடுதிகளில், உட்காரும்போது எவ்வளவு கொண்டுவரலாம் என்பதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆழமான பணத்தோடு உட்கார்ந்த கெட்டிக்காரர்கள் சுமாரானவர்களைச் சீக்கிரம் காலி செய்துவிட, மேசையில் ஆளே இல்லாமல் போன அனுபவத்தில் கற்ற பாடம் அது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், பெயரைப் பாருங்கள், நூறு டாலருக்கும் குறைவான இணையப் போட்டி வழியாக உலகப் போக்கர் போட்டியில் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதன்பிறகு உலகமே நோ லிமிட்டுக்குப் பாய்ந்தது. பாய்ந்தவர்கள் குவியல் முழுவதையும் தள்ளும் ஆல் இன்னை எடுத்துக்கொண்டார்கள், மேசைப்பண விதியை விட்டுவிட்டார்கள்.

தர்மர் ஆடிய ஆட்டத்தில் இந்த விதி இல்லை. செல்வம், சேனை, பிறகு தம்பிகள், பிறகு தான், பிறகு பாஞ்சாலி. அவள் சபையில் எழுப்பிய கேள்வியை நம் சொற்பொழிவாளர்கள் கற்பு, தர்மம் என்று விரிப்பார்கள். எனக்கு அது சுத்தமான மேசைக் கேள்வியாகப் படுகிறது. என்னை முன்னால் தோற்றாரா, தன்னை முன்னால் தோற்றாரா? தன்னைத் தோற்றவன் முன்னால் காயே இல்லை, பிறகு எதை வைத்தான்? பீஷ்மரால் பதில் சொல்ல முடியவில்லை. கௌரவரில் விகர்ணன் ஒருவன்தான் அவள் பக்கம் பேசினான். நல்ல டீலர் ஒருவன் அந்தச் சபையில் இருந்திருந்தால் ஆட்டத்தை அப்போதே நிறுத்தியிருப்பான்.

இப்போது கைப்பேசிக்கு வருகிறேன். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் எங்கள் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு ஹோட்டலிலும் காய்கறிக் கொட்டகையிலும் லோரியிலும் வேலை பார்க்கிறார்கள். கொழுந்து வெட்டப் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரரும் நேப்பாளியரும் வருகிறார்கள். இரண்டு கூட்டத்தார் கையிலும் கைப்பேசி. அதில் ஓடும் ஸ்லாட், போக்கர், பக்காராட் எல்லாம் இந்த நாட்டில் அனுமதி இல்லாதவை. நம்மிடம் இருப்பதோ 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டமும் அதே ஆண்டின் பந்தயச் சட்டமும். சூது நடக்க ஒரு வீடு வேண்டும் என்று நினைத்த காலத்துச் சட்டங்கள். இங்கே வீடும் இல்லை, மேசையும் இல்லை. மேசை இல்லாததால் மேசைப்பணம் என்பதும் இல்லை. தோற்ற நொடியில் இ-வாலட்டிலிருந்து அடுத்த ஐம்பது. வாலட் காலியானால் வங்கி. வங்கி காலியானால் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் வட்டிக்காரன் நம்பர். ஒரு கை முடியாமலே ஆள் மூன்று முறை சட்டைப்பையில் கைவிட்டுவிடுகிறான்.

சம்பள மேசையில் இருந்தவனுக்கு இது எப்படித் தெரியும் தெரியுமா? அட்வான்ஸ் கேட்கும் விதத்தில். முன்பு கள்ளுக்கு, நம்பர் கடைக்கு என்று கேட்பவன் பத்து, இருபது கேட்பான், முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்பான். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு வந்த பையன்கள் முழுச் சம்பளத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள். தாயாருக்கு ஆப்பரேஷன் என்றார்கள். அவர்களில் ஒருவனுடைய தாயார் அன்று காலையில்தான் எனக்குத் தோசை கொடுத்திருந்தார்.

தடை போட்டால் தீருமா? இந்தியா 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பலன் என்ன என்று பார்க்கலாம். நம் நாட்டில் தடை ஏற்கனவே இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது. தடையை எடுக்கச் சொல்லவில்லை. தடைக்கு வெளியே நடக்கும் ஆட்டத்தில் பணம் போகும் குழாயை அடைக்கச் சொல்கிறேன். அந்த இந்தியச் சட்டத்துக்கு முன்னால், அதே 2025இன் தொடக்கத்தில், தமிழ்நாடு ஒரு விதி கொண்டுவந்திருந்தது. நள்ளிரவு 12 மணி முதல் 5 மணிவரை ஆட்டம் கூடாது, ஆடுகிறவர் தனக்கென நாள், வாரம், மாத வரம்பு வைக்க வழி இருக்க வேண்டும். உயர் நீதிமன்றமும் ஜூன் மாதம் அதை ஏற்றது. மண்டோர் உயிரோடு இருந்தால் கைதட்டியிருப்பார், ராத்திரி நேரத்தடையை மட்டும் சாவு வீட்டுக்குத் தளர்த்தச் சொல்லியிருப்பார்.

நம் அரசாங்கம் 1953ஆம் ஆண்டுச் சட்டங்களில் கைவைக்கும்போது இணையதளங்களைத் துரத்துவதோடு நிற்கக் கூடாது. இ-வாலட்டிலிருந்து ஒரே ராத்திரியில் ஒரே திக்கில் திரும்பத் திரும்பப் போகும் பணத்தை நிறுத்திவைக்கும் கடமையை அந்த நிறுவனங்கள் மேல் சுமத்தட்டும். உரிமம் இல்லாத வட்டிக்காரன் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டம் சொல்கிறது. சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. பாஞ்சாலி கேட்டதற்குப் பதில் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கதவில் சிவப்புப் பெயிண்ட் அடிக்க வருகிறவனுக்குப் பயந்து தாலியை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு அது தெரியாது. கோயில் திருவிழா மேடையில் அரசியல்வாதிகள் மாலை வாங்கும் நேரத்தில் ஐந்து நிமிஷம் எடுத்து யாராவது ஒரு வக்கீல் இதைச் சொல்லலாம். காவல் நிலையத்தில் புகார் எப்படிக் கொடுப்பது என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஆட்டம் உண்டு. ஹோல்டம், லிமிட், இருபது காசு, நாற்பது காசு. டீலர் என் மருமகன். ஆளுக்குப் பத்து வெள்ளிச் சில்லறை, அது தீர்ந்தால் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். கைப்பேசிகள் அடுப்படியில் என் மனைவியிடம் இருக்கும். "என்னா மாமா, பத்து வெள்ளிக்கு ஒரு ஆட்டமா?" என்று பையன்கள் இப்போதே முனகுகிறார்கள்.

போன வருஷமும் முனகினார்கள். விடிகாலை மூன்று மணிவரை எழுந்திருக்கவில்லை.